கிளினிக் கொப்பியின் மூன்றாம் பக்கம்

மானிப்பாய்
சனிக்கிழமை இரவு

அன்புள்ள பிள்ளை,

நாங்கள் இங்கே சுகம். உன் சுகத்துக்கு மருதடியானை வேண்டுகிறேன். மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை. "வேலை கூடவாக இருக்கும்" என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டாள். அக்காவுக்கு மட்டும் இரண்டு வரி எழுதியிருக்கிறாய் என்று பிறகுதான் தெரிந்தது. போனில் என்றால் நான் மழையையும் சாப்பாட்டையும் விசாரித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் வைத்துவிடுவேன். அதனால் பேனையை எடுத்திருக்கிறேன். அக்கா இதைப் படம் எடுத்து அனுப்புவாள். கையெழுத்துப் பிரதி, வியாழக்கிழமை வெளிக்கிடும் சந்தி வீட்டு மாமாவின் பையில் மிளகாய்த்தூளோடு வரும்.

இங்கே மாரி தொடங்கிவிட்டது. பங்கர் கிடங்கில் வைத்த கப்பல் வாழை குலை தள்ளியிருக்கிறது. அக்காவின் சின்னவன் சுவரைப் பிடித்து நடக்கிறான். வேறு புதினம் பெரிதாக இல்லை.

சரி, கனடா விமானப்படையின் விமானித் தெரிவுச் சோதனைக்கு வருகிறேன். ட்ரென்டன் முகாமில் என்னென்ன செய்யவேண்டி வரும் என்று நீ முன்னர் சொன்னதை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். காதில் எண்கள் விழுந்துகொண்டிருக்கும், அவற்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். அதே நேரம் கையால் ஒரு புள்ளியைத் திரையில் நிறுத்திப் பிடிக்க வேண்டும். இடையில் மனக்கணக்கும் வரும். மற்றவற்றில் நான் உதவ முடியாது. கணக்கில் முடியும். முப்பது வருடமாக அதைத்தானே செய்கிறேன்.

கல்குலேட்டரைத் தொடாதே. போனில் இருப்பதையும் தொடாதே. வேகம், தூரம், நேரம் என்று வந்தால், வேகத்தை முதலில் நிமிடத்துக்கு எவ்வளவு என்று ஆக்கிவிடு. 120 நொட், அதாவது மணிக்கு 120 கடல் மைல், என்றால் நிமிடத்துக்கு 2 கடல் மைல். 90 என்றால் ஒன்றரை. 150 என்றால் இரண்டரை. அப்போது 35 கடல் மைலுக்கு 14 நிமிடம். அறுபதால் பிரிப்பதை முதலிலேயே முடித்துவிட்டால் பிறகு மனதுக்குப் பாரம் இல்லை. உன் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் கடைசியில் பிரித்துத்தான் பிழை விட்டார்கள். நீ விடவில்லை, பத்து வயதிலேயே விடவில்லை.

இன்னொன்றும் படித்தேன், விமானிகள் பாவிக்கும் அறுபதுக்கு ஒன்று என்ற விதி. 60 கடல் மைல் போகும்போது ஒரு பாகை விலகினால் ஒரு கடல் மைல் தள்ளிப் போய்விடுவாய். 30 மைலில் 2 மைல் தள்ளிப்போனால் பிழை 4 பாகை. இது ஏன் சரிவருகிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். ஓர் ஆரையன், அதாவது ஆரையளவு நீளமான வில் மையத்தில் அமைக்கிற கோணம், 57 பாகையும் கொஞ்சமும். அதை 60 என்று எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். காரணம் தெரிந்த சூத்திரம் பதற்றத்திலும் மறக்காது. தொண்ணூறுகளில், மின்சாரம் இல்லாத காலத்தில், ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி இருந்த பிள்ளைகளுக்கு ஒலியின் வேகத்தை நான் எப்படிப் படிப்பித்தேன் என்று சொல்லியிருக்கிறேன். இராணுவ முகாம் இருக்கிற பலாலிப் பக்கம் ஷெல் வெளிச்சம் கண்டதும், சத்தம் கேட்கும்வரை செக்கனை எண்ணுங்கள், மூன்று எண்ணினால் ஒரு கிலோமீற்றர். செக்கனுக்கு 340 மீற்றர் என்பதை அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் இன்றுவரை மறந்திருக்க மாட்டார்கள்.

காலையில் சாப்பிடாமல் போகாதே. சோதனைக்கு முதல்நாள் இரவு பத்து மணிக்குப் படுத்துவிடு. நீ கடைசி நாளில் படிக்கிற பழக்கக்காரி, உயர்தரத்துக்கும் அப்படித்தான் செய்தாய். இது மனப்பாடச் சோதனை இல்லை, களைத்த கண்ணோடு போனால் கை நடுங்கும்.

உடற்தகுதிக்கு 20 கிலோ மண்மூட்டையை ஒரு மீற்றர் உயரத்துக்கு 30 தடவை தூக்க வேண்டும், அதுவும் மூன்றரை நிமிடத்துக்குள் என்றாய். மூட்டையைச் சுமந்துகொண்டு 20 மீற்றர் போய் வருவதும், மூட்டைகளைக் கட்டி இழுப்பதும் இருக்கிறது என்றாய். அதைக் கேட்ட நாளில் இருந்து அந்த மூட்டை என் கண்ணுக்குள் நிற்கிறது. எங்கள் பங்கருக்கு உரப்பையில் மண் நிரப்பி, பனங்குற்றிக்கு மேல் அடுக்கினது நானும் சித்தப்பாவும்தான். ஒன்று சொல்கிறேன், முதுகை வளைத்துத் தூக்காதே. குந்தி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காலால் எழும்பு. பையின் மூலையைப் பிடிக்காதே, அடியில் கை கொடு. நாங்கள் முதல்நாள் தெரியாமல் மூலையில் பிடித்து, இரண்டு பேருக்கும் விரல் நகம் பெயர்ந்தது.

உயரத்தை நினைத்துக் கவலைப்படாதே. நிற்கிற உயரத்தை மட்டும் பார்க்கமாட்டார்கள், இருந்த உயரம், தொடை நீளம், கை எட்டுகிற தூரம் எல்லாம் அளப்பார்கள் என்று நீதான் சொன்னாய். உனக்குக் கால் நீளம், அது அம்மாவின் பக்கம். நிறச்சோதனையில் புள்ளிகளுக்குள் எண்ணைப் பார்க்கச் சொல்வார்கள். அது நீ சின்னனிலேயே சரியாகச் சொன்னது. நித்திரை முக்கியம். பத்து மணி.

பள்ளிக்கூடத்தில் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது. என் பிள்ளை கனடா விமானப்படைக்கு விமானியாகத் தெரிவாகப் போகிறாள் என்று ஒருநாள் ஆசிரியர் அறையில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, வேறெதையோ சொன்னேன். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடித்தவள், அந்த நாட்டுப் பிரசை, இருபத்தாறு வயது, ஒருவரின் சிபாரிசும் இல்லாமல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். எனக்குப் பெருமை இல்லை என்று நினைக்காதே.

ஆனால் விண்ணப்பம் போட்ட பிறகுதானே எங்களுக்குச் சொன்னாய்? தெற்கு வளவை ஈடு வைத்து உன்னை அனுப்பினது படிக்க. மாமா வீட்டில் நிலக்கீழ் அறையில் இருந்து, குளிரில் பஸ் பிடித்து, நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். நல்ல வேலை கிடைத்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. சம்பளத்துக்காகப் போகிறாயா என்று கேட்டேன், இல்லை என்றாய். பிறகு ஏன் என்று கேட்டேன். "சின்னனில் இருந்தே ஆசை அப்பா" என்றாய். அந்த ஆசையை நீ எங்கே ஒளித்து வைத்திருந்தாய்? தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைப் பட்டப்போட்டிக்குக் கூட்டிப்போனால், எல்லோரும் பட்டத்தின் வடிவத்தைப் பார்க்க, நீ மட்டும் பட்டத்தில் கட்டின விண் கூவுகிற சத்தத்தைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாய். அப்போதே நான் விளங்கியிருக்க வேண்டும்.

கனடாவின் விமானப்படையைப் பற்றி எனக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். பயிற்சியில் ஒரு கட்டம் தாண்டியதும் மூன்று வழியாகப் பிரிப்பார்களாம்: ஜெட், பெரிய விமானங்கள், ஹெலி. மஞ்சள் நிறத்தில் கோமரன்ட் என்று ஒரு ஹெலி, கடலில் தத்தளிக்கிறவர்களைத் தேடித் தூக்குகிறது. அதன் படத்தை அம்மாவுக்குக் காட்டினேன். சுனாமிக்குப் பிறகு, 2005 தையில், அம்பாறைக்கு வந்து தண்ணீர் சுத்திகரித்துக் கொடுத்த கனடா இராணுவக் குழுவையும் நினைவுபடுத்தினேன். அதே இரவு வேறொன்றையும் வாசித்தேன். நீ பிறந்த 1999இல் அந்த நாட்டின் சிஎஃப்-18 விமானங்கள் யூகோஸ்லாவியாவில் குண்டு போட்டிருக்கின்றன. 2011இல் லிபியாவில். அதை அம்மாவுக்குக் காட்டவில்லை. விளக்கை அணைத்துவிட்டு விறாந்தையில் இருந்தேன்.

இவ்வளவு எழுதியும் எழுத வந்ததை இன்னும் எழுதவில்லை.

அக்கா சொன்னாள், உன் விண்ணப்பக் கோப்பை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். ஒரு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இழுக்கவைத்து, மூச்சுக்குழாய் சுருங்குகிறதா என்று பார்க்கிற சோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். சின்ன வயதில் தொய்வு, அதாவது ஆஸ்துமா, இருந்தது என்று நீ படிவத்தில் எழுதியதால்தானாம். "அப்பா சொன்னதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்" என்று அக்காவுக்கு எழுதியிருக்கிறாய்.

பிள்ளை, உனக்குத் தொய்வு இருந்ததில்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

தொய்வு அக்காவுக்கு. ஏழெட்டு வயது வரை மருந்து இழுக்கிற பம் பாவித்ததும் அக்கா. சின்ன வயதில் உனக்கு என்ன வருத்தம் வந்தது என்று நீ வட்ஸ்அப்பில் கேட்டபோது உனக்கு நான் அனுப்பிய குரல்பதிவில் அவளுடைய வருத்தத்தை எடுத்து உன் பெயரில் போட்டேன். மறதியில் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கேட்டுவிடும் என்று கிணற்றடிக்குப் போய் நின்று பேசினேன். ஒருமுறை பேசி, அழித்து, மறுபடி பேசி அனுப்பினேன். முதல் பதிவில் என் குரல் சரியாக இருக்கவில்லை.

அக்கா உன் செய்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்டி, "எனக்குத்தானே முட்டு இழுத்தது, அவளுக்கு எப்போது?" என்று கேட்டிருக்கிறாள். அன்றில் இருந்து அம்மா என்னோடு கதைப்பதில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். நேற்று மட்டும், "பிள்ளை உங்களை நம்பித்தானே கேட்டது" என்றாள்.

நீ எழுத வேண்டியது இதுதான். 2006 ஆவணியில் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை மூடினபிறகு, பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நாட்களில், உனக்குச் சளியும் காய்ச்சலும் வந்து ஓர் இரவு மூச்சு இழுத்தது. உனக்கு ஏழு வயது. ஊரடங்கு. சைக்கிள் பாரில் உன்னை இருத்தி, சாரத்தால் என் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, கைவிளக்கை ஹாண்டிலில் தொங்கவிட்டு வெளிக்கிட்டேன். காவலரணில் டோர்ச்சை உன் முகத்தில் அடித்துப் பார்த்தார்கள். பிறகு தடையை நகர்த்திவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் ஒருதரம் வைத்தார்கள். விடியக் காலையில் நீ எழும்பி இருந்து பணிஸ் கேட்டாய். டொக்டர் கொப்பியில், சளியால் வந்த இழுப்பு, தொய்வு அல்ல என்று எழுதினார். பிறகு உனக்கு ஒருநாளும் வரவில்லை. இந்த ஓர் இரவையும் மறைக்காதே, அப்படியே எழுது. ஆனால் அந்த ஓர் இரவை ஏழு வருடமாக்கினது நான்.

அம்மா நினைக்கிறாள், உன் விமானம் விழுந்துவிடும் என்று பயந்து நான் இதைச் செய்தேன் என்று. அந்தப் பயமும் இருக்கிறது, அதை நான் தாங்குவேன். அவளுக்குச் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன்.

1987 ஜூன் மாதம். வடமராட்சியில் இராணுவத்தின் ஒப்பரேசன் லிபரேசன் நடந்து முடிந்த கையோடு. இந்தியாவில் இருந்து சாமான்களோடு வந்த படகுகளைக் கடலில் மறித்துத் திருப்பிவிட்டார்கள். அடுத்த நாள், 4ஆம் திகதி பின்னேரம், ஐந்து அன்ரனோவ் விமானங்கள் வந்தன, கூடவே மிராஜ் போர் விமானங்கள். எங்களுக்குச் சத்தம் மட்டும்தான் முதலில் தெரிந்தது. பங்கருக்குள் ஓடினோம். சித்தப்பாவுக்கு அப்போது 11 வயது. அவன் என் கையை உதறிவிட்டு முற்றத்துக்கு ஓடி, மேலே பார்த்துவிட்டு, "அண்ணா, இது போடுற பிளேன் இல்லை, குடுக்கிற பிளேன்" என்று கத்தினான். நான் வெளியே வந்து பார்த்தேன். தூரத்தில் குடைகள் விரிந்து இறங்கின. அரிசி, பருப்பு. 25 தொன் அளவில் போட்டதாகப் பிறகு சொன்னார்கள். எங்கள் பக்கம் ஒரு பொதியும் விழவில்லை. ஆனாலும் அவன் அன்று இரவு முழுக்கச் சந்தோஷமாக இருந்தான்.

அதற்குப் பிறகு அவனுக்கு அது பழக்கமாகிவிட்டது. சியாமாசெட்டியோ, புக்காராவோ, சகடையோ, எந்தச் சத்தம் வந்தாலும் முதலில் வெளியே வந்து பார்ப்பான், எந்தப் பிளேன் என்று. நான் சேட்டில் பிடித்து உள்ளே இழுப்பேன். எட்டு வருடம் இழுத்தேன். 1995 ஜூலை 9 அன்று, நவாலித் தேவாலயத்தடியில் இடம்பெயர்ந்து வந்திருந்த சனங்களுக்கு அவன் தண்ணீர் அள்ளிக் கொடுத்துக்கொண்டு நின்றபோது பிளேன் குண்டு போட்டது. இழுப்பதற்கு நான் பக்கத்தில் இருக்கவில்லை. மிச்சம் உனக்குத் தெரியும். முன்னறைப் படத்துக்குக் கீழே திகதியைப் பார்த்துத்தான் நீ எண் எழுதப் பழகினாய்.

அன்று மேலே இருந்தவனும் ஒரு வீட்டுப் பிள்ளை. அவனும் கணக்குக் கற்றிருப்பான், நிறச்சோதனை செய்திருப்பான், முதல்நாள் இரவு நேரத்துக்குப் படு என்று ஒருவர் சொல்லியிருப்பார். முப்பது வருடமாக நான் அவனை நினைத்ததில்லை. நீ விண்ணப்பம் போட்டேன் என்று சொன்ன நாளில் இருந்து நினைக்கிறேன். அவனுடைய முகத்துக்கு என்னிடம் படம் இல்லை. அந்த இடத்தில் உன் முகம் வருகிறது. அதைத் தாங்க முடியாமல்தான் கிணற்றடிக்குப் போனேன்.

இதை வைத்து உன்னிடம் சத்தியம் வாங்க மாட்டேன். ஹெலிதான் ஓட்டவேண்டும், ஜெட் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, எந்த வழியில் விடுவார்கள் என்பதும் உன் கையில் மட்டும் இருக்கிற காரியமில்லை. நேர்முகத்தில் ஏன் இந்த வேலை என்று உன்னிடம் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்கிற பதிலை எனக்கும் ஒருக்காச் சொல்லு. "சின்னனில் இருந்தே ஆசை" என்பதற்கு மேலே ஒரு வரி. எனக்குப் பிடிக்காத வரியாக இருந்தாலும் சரி.

மன்னித்துவிடு என்று எழுதி இரண்டுமுறை வெட்டினேன். முப்பது வருடமாகப் பிள்ளைகள் பார்த்து எழுதினால் தாளைப் பறித்தவன் நான்.

இனிச் செய்யவேண்டியது. இந்தக் கடிதத்தையே அந்த வைத்திய அதிகாரியிடம் காட்டலாம், ஆங்கிலத்தில் அக்கா எழுதித் தருவாள், நான் கையொப்பம் போடுகிறேன்: பிழையான தகவல் தந்தது தகப்பன், மகளுக்குத் தெரியாது. சத்தியக் கடதாசி வேண்டும் என்றால் சமாதான நீதவானிடம் போய் முடித்து அனுப்புகிறேன். உன் கிளினிக் கொப்பி அலுமாரியில் பிறப்புப் பத்திரத்தோடு இருந்தது. மூலையைக் கறையான் அரித்திருக்கிறது, எழுத்து கெடவில்லை. மூன்றாம் பக்கம். திகதி, மருந்து, டொக்டரின் கையொப்பம் எல்லாம் தெளிவாக இருக்கிறது. அதுவும் மாமாவின் பையில் வருகிறது. கைப்பையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், பெட்டியில் போடவேண்டாம் என்று. அந்த மூச்சுச் சோதனையைத் தள்ளிப்போடாதே, போய்ச் செய். உன் நெஞ்சு சுத்தம், அது காட்டும்.

இரவு பத்து மணிக்குப் படு. அம்மா ஒடியல்மாவும் வைத்திருக்கிறாள், கூழ் காய்ச்ச அங்கே நல்ல மீன் கிடைக்குமோ தெரியாது என்று கவலைப்படுகிறாள். கவலையை என்னிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொன்னதைக் கேட்டேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: 165 நொட், 44 கடல் மைல். எத்தனை நிமிடம்? கல்குலேட்டர் இல்லாமல். விடையை மட்டும் அனுப்பினாலும் போதும்.